பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு: தமிழ்நாட்டில் சட்டம் எங்கே நிற்கிறது?

ஹோம்ஸ்கூலிங் தொடங்க எந்த ஆபீசில் மனு கொடுப்பது என்றுதான் சபையில் முதலில் கேட்பார்கள். எங்கேயும் இல்லை. அதற்கென்று படிவமும் கிடையாது, அனுமதி தர அதிகாரியும் கிடையாது. ஆகவே "சட்டப்படி பதிவு செய்து தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது? 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும் பேசுகிறது. அதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. அரசியலமைப்பின் 51ஏ பிரிவும் பெற்றோரின் கடமையைச் சொல்கிறது, ஆனால் அது கேட்பது 'கல்விக்கான வாய்ப்பு' மட்டும்தான், பள்ளிக்கூடம் என்ற பேச்சே அதில் இல்லை. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் காலம் தள்ளுகின்றன. குற்றம் என்று யாரும் உங்களைப் பிடித்துப் போகப் போவதில்லை, அதற்காக எங்கள் உரிமை என்று மார்தட்டவும் முடியாது.

"நாம் சிறுபான்மையினர், நமக்கு விலக்கு உண்டு" என்று சிலர் சொல்வார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது உண்மை. அது நிறுவனங்களுக்கு, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அல்ல. (ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் கட்டின மிஷனெரிகளின் வழிவந்த நாம் இப்போது பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுப்பதைப் பற்றிப் பேசுகிறோம், அது வேறு கதை.)

உண்மையில் சிக்கல் வருவது இன்னொரு இடத்தில். நாலு குடும்பம் சேர்ந்து, பி.எட். முடித்த ஓர் அக்காவை வைத்து, சபை ஹாலில் தினமும் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை வகுப்பு, மாதக் கட்டணம், அப்புறம் ஒரு பெயர்ப் பலகை என்று போனால் அது வீட்டுக்கல்வி என்ற எல்லையைத் தாண்டிவிடும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 18-ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. பெற்றோரைத் தண்டிக்காத அதே சட்டம் இங்கே இவ்வளவு கறாராக இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளிக்கோ விடுமுறை வேதாகமப் பள்ளிக்கோ இதனால் ஒன்றும் இல்லை. தினசரி வகுப்பு என்றால் போதகரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், கட்டடம் சபையுடையது.

பிள்ளை இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் டி.சி. வாங்கிய உடனே, பள்ளிக் கல்வித்துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்தில் அதன் பெயர் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். எந்தப் பள்ளியும் அதைத் தன் கணக்கில் இழுத்துக்கொள்ளாவிட்டால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் ஆசிரியர்கள் உங்கள் வீட்டுக்கும் வரலாம். வந்தால் மறைக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். அவர்கள் தேடுவது வேலைக்குப் போகும் பிள்ளையை, கல்யாணத்துக்குத் தயாராகும் பிள்ளையை. தேதி போட்ட நோட்டுகள், கணக்கு, அறிவியல் எல்லாம் இருக்கும் ஒரு கால அட்டவணை, பாடநூல்கள், இவற்றை எடுத்து வைத்துப் பேசினால் போதும். மனப்பாட வசனமும் குடும்ப ஜெபமும் மட்டும் காட்டினால் அவர்களுக்குத் திருப்தி வராது, வரவும் கூடாது.

இனி பரீட்சை. ஆறு வயதில் என்ன புத்தகம் என்று மண்டையை உடைப்பதைவிட, பதினைந்து வயதில் எந்தச் சான்றிதழ் என்று முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னால் வாருங்கள். ஒரு வழி என்.ஐ.ஓ.எஸ், அதாவது மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், பழைய பள்ளிச் சான்று கட்டாயமில்லை, ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரேயடியாக எழுத வேண்டாம், இரண்டு இரண்டு பாடமாக முடிக்கலாம். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

இன்னொரு வழி நம் மாநிலத் தேர்வுத்துறை. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பதினாலரை நிறைந்ததும் பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், பலர் கோட்டை விடுவது இதில்தான். பிள்ளைக்குத் தமிழ்நாட்டு அரசு வேலை ஒரு குறி என்றால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். என்.ஐ.ஓ.எஸ் சான்றிதழ் அந்தந்த வேலைக்குச் செல்லுமா என்பதை அப்போதைய அரசாணையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தகுதித்தாள் வேறு கட்டாயம், ஆகவே எந்த வழியானாலும் வீட்டில் தமிழைக் கைவிடாதீர்கள்.

வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடத்திட்டங்கள் பற்றி ஒரு வார்த்தை. ஏ.சி.இ. (Accelerated Christian Education) போன்றவற்றின் சிறு பயிற்சிப் புத்தகங்கள் பிள்ளை தானாகப் படிக்க வசதியானவை, வேத வசனமும் பாடத்தோடு சேர்ந்தே வரும். படிக்கட்டும். ஆனால் அவர்கள் தரும் முடிப்புச் சான்றிதழை நம்பி இங்கே கல்லூரி வாசலுக்குப் போகாதீர்கள். வெளிநாட்டுச் சான்றுக்குச் சமநிலை தருவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அங்கே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பாடத்துக்கு எதை வைத்தாலும், பரீட்சைக்கு மேலே சொன்ன இரண்டில் ஒன்று என்பதுதான் என் கட்சி.

கைவிட்டுப் போகிறவற்றையும் சொல்ல வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாயும் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி என்ற கணக்கில்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத வேலை ஒதுக்கீட்டுக்கும் பள்ளிச் சான்று தேவை. கையில் காசு குறைவான ஊழியக்காரக் குடும்பம் என்றால் இதை இரண்டு தடவை யோசியுங்கள்.

ஆவணங்களில் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஞானஸ்நானச் சான்று அதற்கு ஈடாகாது. சாதிச் சான்றிதழையும் இ-சேவையில் சீக்கிரம் வாங்கி வையுங்கள், பிள்ளைக்கு டி.சி. இல்லாததால் பெற்றோரின் சான்றுகளைக் கேட்பார்கள். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் இங்கே பி.சி. பட்டியலில் வருகிறார்கள்.

ஒருவேளை சரிப்பட்டு வரவில்லை என்றால் திரும்பலாம். 4-ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சியும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் சேர்வதற்கு அந்தச் சட்டத்தின் உறுதி இல்லை என்பதால், திரும்புவதாக இருந்தால் அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.