யூனிட் டெஸ்ட் எங்கே நேரத்தைத் தின்கிறது? புரொஃபைலர் தவறவிடும் இடங்கள்

டெஸ்ட்கள் மெதுவாக ஓடுகின்றன என்று, எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது எனக் காட்டும் புரொஃபைலரை மாட்டினால், மொத்த நேரமும் 'வெயிட்' என்ற ஒரே ஃபங்ஷனில் போய் நிற்கிறது. அநேகமாக அது பிடித்திருப்பதே வேறு புராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் வேறு புரோகிராமை). ஜாவாவின் பில்ட் கருவியான மேவனில் டெஸ்ட்களை ஓட்டும் ஷ்யூர்ஃபயர், அவற்றுக்கென்று தனி ஜேவிஎம்மை, அதாவது ஜாவா கோடை ஓட்டும் புராசஸை, கிளப்பும். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் அந்த வேலை 'டெஸ்ட்ஹோஸ்ட்' உடையது. பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டோடு, டெஸ்ட்களைப் பல வொர்க்கர்களுக்குப் பங்கிடும் எக்ஸ்டிஸ்ட் இருந்தால் ஒவ்வொரு வொர்க்கரும் தனிப் புராசஸ். தாய் புராசஸ் சும்மா காத்துக்கொண்டிருக்கும். ஷ்யூர்ஃபயரில் ஃபோர்க் கவுண்ட்டையோ எக்ஸ்டிஸ்ட்டில் வொர்க்கர் எண்ணிக்கையையோ 0 ஆக்கினால் எல்லாம் ஒரே புராசஸுக்குள் வந்துவிடும்.

சரியான புராசஸைப் பிடித்த பிறகுதான் உண்மையான தலைவலி. பைத்தான் புரொஃபைலரான பை-ஸ்பை வழக்கமாக வினாடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் எந்த ஃபங்ஷன்கள் ஓடுகின்றன என்று ஸ்டாக்கை எட்டிப் பார்க்கும். 3 மில்லிவினாடியில் முடியும் டெஸ்ட் பத்தில் ஏழு முறை அதன் கண்ணிலேயே படாது. பைத்தானோடு வரும் இன்னொரு புரொஃபைலர் சிபுரொஃபைல், ஃபங்ஷன் அழைப்பு எதையும் விடாது. ஆனால் குறித்துவைக்கவே நேரம் பிடிப்பதால், குட்டி ஃபங்ஷன்களை லட்சம் தடவை கூப்பிடும் கோட் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

அதே டெஸ்ட்டை லூப்பில் 1,000 முறை ஓட்டினால் சாம்பிள் குவியும், உண்மைதான். ஆனால் டாட்நெட்டில் ஒரு மெத்தட் 30 முறை அழைக்கப்பட்ட பிறகுதான் அதை முழுதாக மெருகேற்றிக் கம்பைல் செய்யும் வேலை தொடங்கும். யூனிட் டெஸ்ட்டோ ஒருமுறை ஓடி முடிவது. லூப்பில் அளந்தது சூடேறிய கோட். தினமும் நாம் காத்திருப்பது சூடேறாத கோடுக்காக.

பைடெஸ்ட்டின் 'டியூரேஷன்ஸ்' ஆப்ஷன் செட்டப், கால், டியர்டவுன் மூன்றையும் பிரித்துக் காட்டும். அதை முதலில் பாருங்கள், புரொஃபைலர் பிறகு. மொத்த ஓட்டத்துக்கும் ஒரே முறை செய்யப்படும் முன்னேற்பாடான செஷன் ஃபிக்ஸ்ச்சரின் செலவு முழுக்க அதை முதலில் கேட்ட டெஸ்ட்டின் செட்டப்பில் விழும். அந்த டெஸ்ட்டை மட்டும் விலக்கி ஓட்டுங்கள்; பழி அடுத்த டெஸ்ட்டுக்கு நகர்ந்தால் குற்றவாளி ஃபிக்ஸ்ச்சர்தான். டெஸ்ட் ஃபைல்களின் தலையில் இருக்கும் இம்போர்ட்கள் இந்தப் பட்டியலிலேயே வராது, அவை டெஸ்ட்களைத் தேடிச் சேர்க்கும் கலெக்‌ஷன் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குப் பைத்தானின் 'இம்போர்ட்டைம்' ஆப்ஷன், மாட்யூல் வாரியாக மைக்ரோவினாடியில்.

அளக்கும்போது கவரேஜையும் (எந்த வரிகள் ஓடின என்று குறிக்கும் கருவி) டிபக்கரையும் அணைத்துவிடுங்கள், இரண்டும் ஓட்டத்தை மெதுவாக்கும்.

ஸ்லீப் இன்னொரு பொறி. சும்மா இருக்கும் திரெட்களை பை-ஸ்பை தானாகவே ஒதுக்கிவிடும். ரீட்ரை லாஜிக்கைச் (தோற்றால் மறுபடி முயலும் கோடை) சோதிக்கும் டெஸ்ட் 2 வினாடி தூங்கினாலும் அந்தத் தூக்கம் பை-ஸ்பை தரும் படத்தில் தெரியாது. 'ஐடில்' ஆப்ஷனைச் சேர்த்தால் தெரியும். தெரிந்ததும் அந்த ஸ்லீப்புக்குப் பதில் போலிக் கடிகாரம் ஒன்றைக் கொடுத்துவிடலாம்.