‘அது நோட்ஸில் இல்லை சார்’

டெக்கார்ட் பற்றிக் கேள்வி கேட்டால் விடைத்தாளின் முதல் வரி என்னவென்று திறக்காமலே சொல்லிவிடுவேன். ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்.’ அடுத்து, பிறந்தது 1596, நவீன தத்துவத்தின் தந்தை. மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒருமுறை ஒரு மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏம்மா, நீ இருக்கிறாயா என்று அவரை யார் கேட்டார்கள்? எதற்கு இதைச் சொல்கிறார்?”

“அது நோட்ஸில் இல்லை சார்.”

அந்த நோட்ஸ் நான் கொடுத்ததுதான்.

மறுநாள் மூல நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 1641இல் வந்த ‘தியானங்கள்’, ஆங்கில மொழிபெயர்ப்பில். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம். அவர் ஒன்றைச் சொல்லும் இடத்தில் ஓரத்தில் ‘சொ’, தன்னையே மறுக்கும் இடத்தில் ‘ம’ என்று பென்சிலால் குறிக்கச் சொன்னேன். கணப்பருகே உட்கார்ந்திருக்கிறேன், கையில் தாள் இருக்கிறது, இதைச் சந்தேகிக்க முடியுமா? சொ. கனவிலும் இப்படித்தானே தோன்றுகிறது? ம. அங்கே அவள் நிறுத்தினாள். “கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதானே சார்?” பக்கத்தைத் திருப்பினால் அதே கேள்வி. கூட்டும்போதெல்லாம் என்னை ஒருவன் ஏமாற்றினால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு ‘ம’. ஏமாறுவதற்காவது நான் இருந்தாக வேண்டுமே என்பது அதற்கப்புறம், இரண்டாம் தியானத்தில். பிரபலமான அந்த வரி அந்த வடிவில் எந்தத் தியானத்திலும் இல்லவே இல்லை. 1637இல் வந்த வேறொரு நூலில் இருக்கிறது.

அக்காலத் தத்துவவாதிகளான ஹாப்ஸ், கசெண்டி முதலியோரின் ஆட்சேபங்களும் அவற்றுக்கு டெக்கார்டின் பதில்களும் சேர்ந்தேதான் அந்த நூல் அச்சானது. நமக்கு இது புதிதில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைச் சொல்லி மறுக்கும் பரபக்கம்தான் முதலில், தன் கட்சியைச் சொல்லும் சுபக்கம் பிறகு. நீங்களும் அப்படி எழுதிப் பழகுங்கள். எதிராளி படித்தால் ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை மறுக்கத் தொடங்காதீர்கள். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். நானும் படிக்கிற காலத்தில் கசெண்டியை ஒரே பத்தியில் வீழ்த்தியவன்தான்.

கைடு? பரீட்சைக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இன்டர்னலில் அந்தப் பெண்ணின் விடை கனவில் தொடங்கியது. பிறந்த ஆண்டு இல்லை, அந்த வரியும் இல்லை. நேரம் போதாமல் ஏமாற்றுக்காரன் வந்த இடத்தோடு நின்றுவிட்டது. பதினைந்துக்குப் பன்னிரண்டு போட்டேன்.