சாமுராய் என்றால் சேவகர்

சாமுராய் என்றதும் இடுப்பில் இரண்டு வாள், உச்சியில் முடிந்த குடுமி, உடம்பில் கவசம் என்று ஓர் உருவம் கண்ணில் வந்து நிற்கும். அகராதிகளும் ‘ஜப்பானியப் போர்வீரன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வாளும் இல்லை, போரும் இல்லை. பெரியவர் ஒருவரின் முன்னால் காத்து நிற்பதுதான் இருக்கிறது.

பழைய ஜப்பானிய மொழியில் ‘மொரு’ என்றால் கண்வைத்துப் பார்த்திருப்பது, காவல் இருப்பது. அதிலிருந்து ‘சமொராஃபு’ என்றொரு வினை பிறந்தது. தொடர்ந்து கவனித்தபடி காத்திருத்தல் என்று பொருள். கியோட்டோ தலைநகராக இருந்த ஹெய்யான் காலத்தில் (794–1185) இது ‘சபுராஃபு’ ஆனது. எப்போது கூப்பிட்டாலும் ஓடிவரும்படி பக்கத்தில் இருப்பது, ஏவலுக்குக் காத்து நிற்பது. அப்படி நிற்பவர் ‘சபுராய்’. பின்னால் ‘பு’ ‘மு’வாகத் திரிந்து ‘சமுராய்’ என்ற வடிவம் நிலைத்தது. ஜப்பானிய மொழியில் இது புதிதல்ல. புகைக்குப் பழைய சொல் ‘கெபுரி’, இன்றைய சொல் ‘கெமுரி’. தனிமையைச் சொல்லும் ‘சபிஷீ’, ‘சமிஷீ’ இரண்டும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. இந்தச் சொல்லை எழுதப் பயன்படும் சீன எழுத்துக்கும் ‘பக்கத்தில் நின்று பணிவிடை செய்தல்’ என்பதே பொருள்.

இந்த வினைக்கும் ஆயுதத்துக்கும் தொடக்கத்தில் எவ்வளவு தூரம் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. முரசாக்கி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கெஞ்சியின் கதையில், முதல் வாக்கியத்திலேயே இந்த வினை வருகிறது. அங்கே அப்படிக் காத்து நிற்பவர்கள் வீரர்கள் அல்லர், பேரரசரின் மனைவியர்! அரசர் முன்னிலையில் இருக்கும் யாருக்கும் பொருந்திய சொல் அது. இதே வினை தேய்ந்து ‘சோரோ’ என்ற மரியாதைத் துணைவினையும் ஆனது. நம் பழைய கடிதங்களில் வரும் ‘அடியேன் விண்ணப்பம்’ போன்ற பணிவோடு, இருபதாம் நூற்றாண்டு வரைகூட ஜப்பானியர் கடித வாக்கியங்களைச் ‘சோரோ’ போட்டு முடித்தார்கள்.

அப்படியானால் போர்வீரருக்கு என்ன சொல்? ‘புஷி’. 721இல் வந்த அரசாணை ஒன்று, எழுத்தறிந்தவர்களையும் புஷிகளையும் நாடு மதித்துப் போற்றுகிறது என்கிறது. சாமுராய் என்ற சொல்லுக்குப் போர் வாடை ஒட்டாத காலத்திலேயே போர்வீரருக்குத் தனிச் சொல் இருந்திருக்கிறது. ஜப்பானிய வரலாற்றாசிரியர்கள் இன்றும் வீரர் வகுப்பு முழுவதையும் குறிக்கப் பெரும்பாலும் ‘புஷி’ என்றே எழுதுகிறார்கள். வெளிநாட்டார்தான் எல்லாரையும் சாமுராய் ஆக்கிவிட்டோம்.

இந்த இரண்டு சொற்களும் எப்படி ஒட்டிக்கொண்டன? ஹெய்யான் பிரபுக்களின் மாளிகைகளில் ஏவலாட்கள் காத்திருக்க ‘சபுராய் தொகொரோ’ என்றொரு கூடம் இருந்தது. அங்கே இருந்தவர்கள் அரசவைப் படிநிலையில் ஆறாம் படியை ஒட்டிய சிறு பதவிக்காரர்கள். எழுதுவது, தூது போவது, கணக்குப் பார்ப்பது, கூடவே காவல். நாட்டுப்புறத்தில் குதிரையேறி வில்லெய்து வளர்ந்த குடும்பங்கள் தலைநகருக்கு வந்து பிரபுக்களிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, காவல் வேலை அவர்கள் கைக்குப் போனது. கூடத்தின் பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

1180இல் மினமோட்டோ நோ யோரிடோமோ கமாக்குராவில் தன் ஆட்சியை நிறுவத் தொடங்கியபோது, அதே ‘சமுராய் தொகொரோ’ என்ற பெயரில் ஓர் அலுவலகம் திறந்தார். வாடா யோஷிமோரி அதன் முதல் தலைவர். பிரபு வீட்டு ஏவலர் கூடம், படைவீரர்களை மேலாளும் அரசுத் துறையாகிவிட்டது. அப்புறம் 1232இல் கமாக்குரா அரசு 51 பிரிவுகள் கொண்ட சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தது. பொய்ப் பத்திரம் எழுதினால் என்ன தண்டனை என்று அதில் ஒரு பிரிவு சொல்கிறது: சமுராயாக இருந்தால் நிலம் பறிமுதல், நிலம் இல்லையென்றால் நாடுகடத்தல். சாதாரணக் குடிமகனாக இருந்தால் முகத்தில் சூடு. ஏவலைக் குறித்த சொல் எப்போது கௌரவமாக மாறியது என்று கேட்டால் நான் இந்தப் பிரிவைத்தான் காட்டுவேன். ஒரே குற்றத்துக்கு ஒருவன் சொத்தை இழக்கிறான், இன்னொருவன் முகத்தை இழக்கிறான்.

ஆனால் பழைய பொருள் முழுதும் செத்துவிடவில்லை. 1591இல், அப்போது ஜப்பானை ஆண்ட டோயோடோமி ஹிதேயோஷி ஓர் ஆணை போட்டார். படை வேலையை விட்டுவிட்டு ஊர்களில் வணிகராகவும் உழவராகவும் கலந்துவிட்ட ஊழியர்களை ஊரார் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். அந்த ஊழியர் பட்டியலில், சுமை தூக்கும் எடுபிடிகளின் பெயர்களோடு ‘சமுராய்’ என்ற சொல்லும் வருகிறது. பள்ளிப் பாடங்களில் இது வீரர் வகுப்பைக் குறிப்பதாகவே நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. வீரர்களின் வீட்டில் வேலை பார்த்த இளம் ஊழியர்களையே அது குறிக்கிறது என்று இப்போது ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பட்டியலில் அதற்கு அடுத்து நிற்பவர்களைப் பார்த்தாலே போதும்.

1603இல் தோக்குகாவா ஆட்சி வந்த பிறகு பெரும்போர்கள் ஓய்ந்தன. வாளைச் செருகிக்கொண்டு எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வேலை பார்க்கும் ஒரு பரம்பரை உருவானது. குடும்பத்தோடு சேர்த்து எண்ணினால் நூறு ஜப்பானியரில் ஆறேழு பேர். சம்பளம் அரிசியில். ஒரு ‘கொகு’ என்பது சுமார் 180 லிட்டர், ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அளவு என்பது கணக்கு. தலைவன் தரும் அருள் ‘ஓன்’, அதற்கு ஈடாகச் செய்யும் பணி ‘ஹோகோ’. நம் மொழியில் இதற்குச் ‘செஞ்சோற்றுக்கடன்’ என்று கச்சிதமான சொல் இருக்கிறது. சோற்றுக்கணக்குக்கூடப் பொருந்திப்போகிறது.

அந்தக் காலத்தில் யார் சமுராய் என்பதே உள்ளுக்குள் ஒரு தகராறு. காலாட்படை வழிவந்த ‘அஷிகரு’ சமுராயா, இல்லையா? ஒவ்வொரு சிற்றரசிலும் ஒவ்வொரு வழக்கம். 1984 முதல் நாற்பது ஆண்டுகள் ஜப்பானின் பத்தாயிரம் யென் தாளில் முகம் காட்டிய ஃபுகுசாவா யுகிச்சி, நகாட்சு என்ற சிற்றரசைச் சேர்ந்த தாழ்ந்த படிச் சமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர். மேல்படிச் சமுராய் எதிரே வந்தால், மழை பெய்தாலும் அஷிகரு காலிலிருந்து மரச்செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலையோரம் விழுந்து வணங்க வேண்டும் என்பது அங்கே விதி என்று அவர் எழுதியிருக்கிறார். 1869இல் புதிய மெய்ஜி அரசு இவர்களில் பெரும்பாலோரை ‘ஷிஸோக்கு’ என்ற புதுப் பெயருக்கு மாற்றியது. 1876இல் வாள் தரிப்பதும் தடை, அரிசிச் சம்பளமும் கடன் பத்திரமாக மாற்றப்பட்டு முடிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘சத்திரியர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேண்டாம். வருணம் என்ற ஏற்பாடு ஜப்பானில் இல்லை. எளிய குடியில் பிறந்த ஹிதேயோஷியே நாட்டின் உச்சிக்கு ஏற முடிந்திருக்கிறது. ‘மறவர்’ வீரத்துக்குப் பொருந்தும், ஆனால் இன்று அது ஒரு சமூகத்தின் பெயர், வாசகர் குழம்புவார். ‘போர்வீரர்’, ‘படைவீரர்’ இரண்டையும் புஷிக்குக் கொடுத்துவிடலாம். ‘வேளைக்காரர்’ ஆசை காட்டும் சொல். சோழர் காலத்தில் தலைவனுக்காக உயிரைத் தரச் சூளுரைத்த படையினர் அவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அவர்கள் படைகளின் பெயர்கள் உண்டு, பொலன்னறுவையில் அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. உரிய வேளைக்குக் காத்திருப்பவர் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வாரும் உண்டு. ஆனால் அது நம் வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட படையின் பெயர். அதைத் தூக்கி இன்னொரு நாட்டாருக்குச் சூட்டுவது சரியாக இராது.

என் தேர்வு ‘சேவகர்’. வடமொழியில் ‘சேவக’ என்றால் பணி செய்பவன், அவ்வளவுதான். தமிழுக்கு வந்தபின் அது போர்வீரனும் ஆனது, வீரமும் ஆனது. திருப்பாவையின் 24ஆம் பாசுரத்தில் ஆண்டாள் ‘என்றென்றுன் சேவகமே ஏத்திப் பறைகொள்வான்’ என்று பாடும்போது சேவகம் என்பது பணிவிடை அல்ல, உலகளந்து இலங்கையை வென்றவனின் வீரம். நரியைப் பரியாக்கிய கதையில் குதிரையேறி வரும் சிவனைக் ‘குதிரைச் சேவகன்’ என்கிறோம். பணி செய்பவன் என்பதிலிருந்து வீரன் என்பதுவரை, சபுராய் போன அதே வழியில் நம் சொல்லும் தனியாக நடந்திருக்கிறது. ஒரு சிக்கல்: இன்று சேவகன் என்றால் அரசு அலுவலக வாசலில் நிற்கும் டவாலிக்காரர்தான் நினைவுக்கு வருவார். சாமுராய் மேலே ஏறியது, சேவகன் ஏறிப் பிறகு இறங்கிவிட்டான். அதனால் கட்டுரைகளில் ஜப்பானியச் சொல்லையே வைத்துக்கொண்டு, முதல் இடத்தில் மட்டும் ‘வாள் தரித்த சேவகர்’ என்று விளக்கம் தரலாம்.

தலைவனை இழந்த ‘ரோனின்’ என்ற சொல்லும் இதனால் தெளிவாகும். காத்து நிற்க ஆள் இல்லாதவன் சமுராய் ஆக முடியாது, அலைபவன் ஆகிறான். முதலில் அது பதிவான ஊரை விட்டு ஓடிப்போன குடியானவனைக் குறித்த பெயர். தமிழில் ‘தலைவனற்ற வீரன்’ என்று விரித்து எழுதுவதைவிட ‘அலைகுடி’ என்பது மூலத்துக்கு நெருக்கம்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானியர் வாயில் முதல் எழுத்து குறில்தான்: ச‑மு‑ர‑இ. நாம் ‘சா’ என்று நீட்டுகிறோம், ‘ரா’வையும் நீட்டுகிறோம். ‘சமுரை’ என்பதே ஒலிக்கு மிக அருகில் வரும். ஆனால் ‘சாமுராய்’ பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க நான் முயல மாட்டேன். ‘சமுராய்’ என்று முதல் எழுத்தையாவது குறுக்கினால் நல்லது.