செம்மச்சத்தை மங்கவைக்கும் மஞ்சள் ஒளி

ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவர் முகத்திலோ கழுத்திலோ கைகாலிலோ தட்டையான சிவப்புப் படையுடன் பிறக்கிறார்கள். மருத்துவர்கள் இதைப் ‘போர்ட் ஒயின் ஸ்டெயின்’ என்பார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று இதற்குத் தாயைப் பழிப்பது கொடுமை. கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக நேரும் மரபணு மாற்றமே பெரும்பாலும் காரணம். ஜிஎன்ஏகியூ என்ற மரபணுவில் நேரும் அந்த மாற்றம் 2013இல் அடையாளம் காணப்பட்டது. இதனால் அவ்விடத்து ரத்த நுண்குழாய்கள் சுருங்காமல் விரிந்தே கிடக்கின்றன. வயதாக ஆக நிறம் கறுத்து, தோலும் தடிக்கலாம்.

அந்தக் குழாய்களை மட்டும் அழிக்க வேண்டும், மேலே இருக்கும் தோல் சுடக் கூடாது. 1970களின் ஆர்கான் லேசரில் வெப்பம் சுற்றிலும் பரவித் தழும்பு விட்டது. 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் வழி சொன்னார்கள். ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும் நிறத்தில் ஒளி இருக்க வேண்டும். குழாயில் ஏறிய சூடு வெளியே கசியும் முன் ஒளி அணைந்துவிட வேண்டும். இன்றைய பல்ஸ்டு டை லேசர் 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியை, பெரும்பாலும் ஓரிரு மில்லி விநாடிக்குள் பாய்ச்சி நிறுத்துகிறது. உள்ளே ரத்தம் உறைந்து குழாய்ச் சுவர் சிதைய, உடலே அதை மெல்ல அகற்றுகிறது. பட்ட இடம் ஓரிரு வாரம் கருநீலமாகக் கன்றியிருக்கும். அது எதிர்பார்த்ததுதான், பயப்பட வேண்டாம்.

நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு ஒரு சிக்கல் உண்டு. மேல்தோலுக்கு நிறம் தரும் மெலனினும் இதே ஒளியை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் கொப்புளம், கரும்படலம், வெண்திட்டு வரும். ஆகவே ஆற்றலைக் குறைத்து, ஒளி பாயும் நேரத்தைச் சற்று நீட்டி, ஒவ்வொரு ஒளித்துடிப்புக்கும் முன் குளிர்திரவத்தைத் தோலில் பீய்ச்சுவார்கள். முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சில வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும். பலருக்கு நன்றாக மங்கும், முழுதாக மறைவது சிலருக்கே. ஆழத்தில் இருக்கும் குழாய்களை ஒளி எட்டுவதில்லை, சில ஆண்டுகளில் நிறம் ஓரளவு திரும்புவதும் உண்டு. கைக்குழந்தையின் தோல் மெல்லியது என்பதால் சீக்கிரம் தொடங்குவதையே பல நிபுணர்கள் விரும்புகிறார்கள்.

படை நெற்றியிலோ மேல் இமையிலோ இருந்தால் லேசரைவிட அவசரம் கண் பரிசோதனை. அது ஸ்டர்ஜ்-வெபர் என்ற நோயின் அடையாளமாக இருக்கலாம்; அந்த நிலையில் கண் அழுத்தம் கூடிப் பார்வை பறிபோகலாம், வலிப்பும் வரலாம். பிறந்த சில வாரங்களுக்குள் கண் மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டிவிட வேண்டும்.