சொல் விளக்கம்: படியில்லா வழி

போன வாரம் அத்தைக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "நியூயார்க் சுரங்கப்பாதையின் பழைய நிலையங்கள் அணுகக்கூடியவையாக மாற்றப்பட்டு வருகின்றன" என்று ஒரு வரி வந்தது. அத்தை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இத்தினி நாளா அந்த ஸ்டேஷன் கிட்ட யாரும் போவ முடியாமயா இருந்துச்சு?" என்று கேட்டார். ஆறு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர் அவர். செய்தியே அவரைப் போன்றவர்களைப் பற்றியதுதான், ஆனால் அவருக்கே அது எட்டவில்லை. விளக்கிச் சொன்னதும், "கிட்ட போறதுல இன்னாடா கஷ்டம்? படிதான ஏற முடியல" என்றார்.

இந்த 'அணுகக்கூடிய' என்ற சொல்லை நான் பார்க்காத நாளில்லை. இங்கே வேலூரில் ஓர் அலுவலகத்துக்கு அத்தையை அழைத்துப் போனபோது, 'அணுகக்கூடிய கழிப்பறை' என்று பளிச்சென்று பலகை வைத்திருந்தார்கள். கதவுக்கு முன்னால் முக்கால் அடி உயரத்தில் ஒரு படி. பலகை சொன்னபடி அணுக முடிந்தது, உள்ளேதான் போக முடியவில்லை.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'அணுகக்கூடிய' என்பது ஆங்கிலத்தின் 'ஆக்ஸஸிபிள்' என்பதன் மொழிபெயர்ப்பு. அந்த ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. ஓர் இடத்தை நோக்கிச் செல்வது என்பது அதன் மூலப்பொருள். தமிழில் அணுகு என்றால் நெருங்கு. ஆக, வேருக்கு வேர் வைத்துப் பார்த்தால் மொழிபெயர்த்தவர் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஆங்கிலச் சொல் வேரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. 'உள்ளே போய்ப் பயன்படுத்த வசதியான' என்பதுதான் இன்று அதன் பொருள். நம் சொல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க" என்கிறது குறள் (691). விலகிப் போகாமல், ரொம்பக் கிட்டவும் போகாமல் குளிர் காய்பவனைப் போல என்று பொருள். நெருப்புக்குள் போவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இன்றைக்கும் அப்படித்தான். 'வீடு வாடகைக்கு, உரிமையாளரை அணுகவும்' என்று எழுதுகிறோம். ஆளிடம் போய்ப் பேசு என்பது அதன் பொருள், வீடு கிடைப்பது அப்புறம்.

அடுத்தது அந்தக் 'கூடிய'. ஆங்கிலச் சொல்லின் வாலைப் பார்த்த உடனே 'கூடிய' போடுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. நாம் 'குடிக்கக்கூடிய நீர்' என்றா சொல்கிறோம்? குடிநீர். 'மடக்கக்கூடிய கத்தி' என்றா கேட்டு வாங்குகிறோம்? மடக்குக் கத்தி. தமிழ் இதையெல்லாம் எப்போதோ எளிதாகத் தீர்த்து வைத்திருக்கிறது. மேசையில் அகராதியைத் திறப்பவர்கள் கொஞ்சம் காதையும் திறந்து வைத்திருந்தால் போதும்.

'அணுகல்தன்மை' என்ற சொல்லாக்கம்தான் எனக்கு இன்னும் பெரிய வருத்தம். கருத்தரங்குகளில், இணையதளங்களில், துண்டறிக்கைகளில் எல்லாம் இது வேரூன்றிவிட்டது. தன்மை என்பது ஒரு பொருளோடு இயல்பாகப் பிறந்தது. சுடுவது நெருப்பின் தன்மை, குளிர்வது நீரின் தன்மை. ரயில் நிலையத்துக்கு அப்படி எந்தத் தன்மையும் கிடையாது. யாரோ ஒருவர் பணம் ஒதுக்கி, தரையைத் தோண்டி, லிஃப்ட் வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை. 'இந்த நிலையத்தில் அணுகல்தன்மை குறைவு' என்று எழுதினால், அது ஏதோ நிலையத்தின் சுபாவம் என்று ஆகிவிடுகிறது. செய்யாமல் விட்டவர்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார்கள்.

நியூயார்க்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே சுரங்க ரயில் 1904ல் ஓடத் தொடங்கியது. இப்போது 472 நிலையங்கள். பல நிலையங்களில் தெருவிலிருந்து இறங்கப் படிக்கட்டு மட்டும்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான சட்டம் 1990லேயே வந்துவிட்டது. ஆனாலும் வழக்குப் போட்டு, 2022ல்தான் ஓர் உடன்பாடு வந்தது. இன்னும் வசதி இல்லாத நிலையங்களில் நூற்றுக்கு 95ஐ 2055க்குள் சரிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வளவு காலம் ஏன் என்றால், வேலை அப்படி. சக்கர நாற்காலிக்கு ஓரடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும். நம் கொத்தனார்கள் 'ஸ்லோப்' என்பார்களே, அதுதான். 20 அடி ஆழத்துக்கு 240 அடி என்றால் தெருவில் எங்கே இடம்? அதனால் லிஃப்ட். தெருவிலிருந்து சீட்டு வாங்கும் தளத்துக்கு ஒன்று, அங்கிருந்து ஒவ்வொரு நடைமேடைக்கும் ஒவ்வொன்று. குழி தோண்டும் இடத்தில் ஏற்கெனவே குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி எல்லாம் கிடக்கும். அதையெல்லாம் முதலில் நகர்த்த வேண்டும். நடைமேடை வளைந்திருந்தால் அதற்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி விழும். இத்தனையும் 'அணுகல்தன்மை மேம்பாடு' என்ற இரண்டு சொல்லில் ஒன்றுமில்லாமல் போகிறது.

இந்திக்காரர்கள் இதில் விவரமாக இருந்தார்கள். 2015 டிசம்பர் 3ல் மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு தொடங்கிய இயக்கத்துக்கு 'சுகம்ய பாரத்' என்று பெயர். சுகம்ய என்றால் எளிதாகப் போய்வரத் தக்கது என்று பொருள். வடசொல்தான், நான் எடுத்தாளச் சொல்லவில்லை. ஆனால் நெருங்குவதில் நின்றுவிடாமல் போய்வருவதைப் பிடித்திருக்கிறார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். நாம் 'மாற்றுத்திறனாளிகளுக்கு நட்பான நிலையம்' என்றும் எழுதிப் பார்த்தோம். நிலையம் யாரோடும் நட்பு கொள்ளாது.

சரி, என்னதான் சொல்வது? லண்டனில் 1863லேயே சுரங்க ரயில் வந்துவிட்டது. அவர்கள் தங்கள் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறியிட்டு, 'படி இல்லாத' என்றே எழுதுகிறார்கள். நீலக் குறி என்றால் தெருவிலிருந்து வண்டிக்குள் வரை படி இல்லை. வெள்ளைக் குறி என்றால் தெருவிலிருந்து நடைமேடை வரை படி இல்லை. அத்தை சொன்னதும் இதே படியைத்தான். படியில்லா வழி என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆளில்லா ரயில்வே கேட், விதையில்லாத் திராட்சை, புகையில்லாப் போகி என்று இந்த அச்சில் எத்தனையோ சொற்கள் ஏற்கெனவே புழங்குகின்றன. படி நம் வாசற்படி, மலையாளத்திலும் அதே படி. இன்னொரு நன்மையும் உண்டு. நகரும் படிக்கட்டை வைத்துவிட்டு 'அணுகக்கூடியதாக்கிவிட்டோம்' என்று கணக்குக் காட்ட இடம் இருக்கிறது. 'படியில்லா' என்றால் அந்தக் கணக்கு செல்லாது, அதுவும் படிதானே.

'படியில்லா நிலையம்' என்று சுருக்கக் கூடாது. நிலையத்தில் படிகள் இருக்கத்தான் செய்யும், படி இல்லாத வழியும் கூடவே இருக்கும். எனவே 'வழி' கட்டாயம் வேண்டும். பார்வையற்றவருக்கான மேடுவைத்த மஞ்சள் கல், அறிவிப்புக் குரல் இவற்றையும் ஆங்கிலச் சொல் சேர்த்துக்கொள்கிறதே என்று கேட்கலாம். பொதுவாகச் சொல்லும்போது 'தடையில்லா' என்போம். மற்ற இடங்களில் மஞ்சள் கல் என்றால் மஞ்சள் கல் என்றே எழுதுவோம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டியதால்தான் எது இருக்கிறது, எது இல்லை என்று யாருக்கும் தெரிவதில்லை.

அந்தச் 'சுரங்கப்பாதை' பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கம் சுரங்கப்பாதை என்றால் தண்டவாளத்துக்கு அடியில் போகும், மழைக்குத் தண்ணீர் நிற்கும் பாதை. அதை ஆங்கிலத்தில் 'சப்வே' என்கிறோம். அமெரிக்கர்கள் அதே சொல்லால் ரயிலைச் சொல்கிறார்கள். சுரங்க ரயில் என்று எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

வேலூருக்கு இதெல்லாம் புதிய பேச்சில்லை. 1954ல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது இங்கேதான். 1966ல் இங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமானவரும் அவர்தான்.

அன்றைக்கு அந்த வரியை மாற்றி, "நியூயார்க் சுரங்க ரயிலின் பழைய நிலையங்களில் படியில்லா வழி அமைத்து வருகிறார்கள்" என்று படித்தேன். அத்தை தலையாட்டிவிட்டு, "லிஃப்டு ரிப்பேர் ஆயிட்டா?" என்று கேட்டார். பழைய நடையில் அதற்கு 'நிலையம் தற்காலிகமாக அணுக முடியாத நிலையில் உள்ளது' என்று பலகை வைப்பார்கள், நிலையமே மூடிவிட்டது என்று நினைத்து ஜனம் திரும்பிப் போகும். 'லிஃப்ட் பழுது. இன்று படியில்லா வழி இல்லை' என்று எழுதி வைத்தால், அத்தை போன்றவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அடுத்த நிலையத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.