ஒரு சாண் நகர்த்தினால் சிக்னல் ஏன் மாறுகிறது?

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்த கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருந்தன. வீட்டின் முன்பக்கம் இருக்கும் ரூட்டரிலிருந்து பின்பக்க அறைக்கு வைஃபை சரியாக எட்டுவதில்லை, விலை கூடிய ரூட்டர் வாங்கினால் சரியாகிவிடுமா என்பது ஒன்று. அந்த அறையின் மேசைமேல் வைத்த கைபேசிக்குக் கிடைக்காத சிக்னல், அதே மேசையில் ஒரு சாண் தள்ளி வைத்தால் கிடைத்துவிடுகிறதே, அது எப்படி என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆகாது' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் ஆகாது, வேறு என்னதான் செய்வது என்பதெல்லாம் இரண்டாவது கேள்வியைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும்.

வைஃபை என்பது வானொலி அலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 முதல் 6 சென்டிமீட்டர். வீட்டு ரூட்டர் வெளிவிடும் திறன் பொதுவாக 100 மில்லிவாட் என்ற அளவில் இருக்கும். கைபேசியை வந்தடைவது அதில் மிக மிகச் சிறிய பங்கு என்பதால் அதை டெசிபெல் கணக்கில் சொல்வது வழக்கம். 1 மில்லிவாட்டைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 10 டெசிபெல் இறக்கத்துக்கும் திறன் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கைபேசி மைனஸ் 70 என்று காட்டுகிறது என்றால், ரூட்டர் அனுப்பிய 100 மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தத் துளியைக் கொண்டே கைபேசி பக்கங்களைத் திறந்து காட்டிவிடுகிறது. மைனஸ் 50 என்பது அருமையான நிலை. மைனஸ் 67 வரை காணொளி தடங்கலின்றி ஓடும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் தொடர்பு திணறத் தொடங்கும். திரையில் தெரியும் கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். எத்தனை டெசிபெலுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரையறுத்துக்கொள்கிறது. எண்ணாகவே காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

தடையில்லாத வெளியில் தூரம் இரு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். வீட்டுக்குள் இதோடு சுவர்களும் சேர்ந்துகொள்கின்றன. மெல்லிய பலகைத் தடுப்பு அதிகம் தின்பதில்லை. செங்கல் சுவர் அதைவிடக் கூடுதலாக விழுங்கும். இரும்புக் கம்பி பாவிய கான்கிரீட் தளம் வந்ததில் நூறில் ஒரு பங்கை மட்டும் விட்டுவைக்கலாம். உலோகத்தை அலைகள் கடப்பதேயில்லை. இரும்பு அலமாரியும், பின்புறம் வெள்ளிப் பூச்சுள்ள பெரிய கண்ணாடியும் இந்த வகையில் சேரும். மீன்தொட்டி, தண்ணீர்த் தொட்டி, ஏன், இடையில் நிற்கும் மனித உடலும்கூட, நீர் நிறைந்தவை என்பதால் அலையை உறிஞ்சிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் இவை எல்லாவற்றிலும் 2.4-ஐவிட அதிகமாகவே இழக்கின்றன. இவை பலருக்கும் தெரிந்தவைதான்.

தெரியாத பகுதி, அந்த ஒரு சாண். சுவரும் தூரமும் மட்டுமே கணக்கு என்றால் மேசையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வேறுபாடே இருக்கக்கூடாது. இருக்கிறது என்றால், கைபேசிக்கு வருவது ஒரே அலை அல்ல என்பதே காரணம். ரூட்டரிலிருந்து நேராக வருவது ஒன்று. கூரையில் பட்டுத் திரும்பி வருவது ஒன்று. அலமாரியில் மோதி, எதிர்ச்சுவருக்குப் போய் வருவது ஒன்று. இப்படிப் பல பிரதிகள் வெவ்வேறு நீளமுள்ள பாதைகளில் வந்து ஒரே ஆண்டெனாவில் கூடுகின்றன. முகட்டோடு முகடு சேர்ந்தால் சிக்னல் வலுக்கிறது; முகட்டோடு அகடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இரண்டு அலைகள் நிலை அலையாக மாறும்போது அதன் கணுக்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்றாக அமையும் என்பது பள்ளிப் பாடம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 6 சென்டிமீட்டர். ஆகவே நம் அறைகள் முழுவதும் ஏறத்தாழ அந்த அளவுள்ள மேடுகளாலும் பள்ளங்களாலும் நிறைந்திருக்கின்றன. ஒரு சாண் நகர்த்தினால் அவற்றில் சிலவற்றைக் கடந்துவிடுகிறோம். மோசமான ஒரு பள்ளத்தில் சிக்னல் 20 டெசிபெல் வரை, அதாவது நூறில் ஒரு பங்காக, விழுந்துபோவது அரிதல்ல.

இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். ரூட்டர் கண்ணில் படாத ஓர் அறையில், மேசைமேல் ஓர் அளவுகோலை வைத்து, சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலியைத் திறந்துகொண்டு, கைபேசியை இரண்டு இரண்டு சென்டிமீட்டராக நகர்த்த வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் சில நொடிகள் காத்திருப்பது அவசியம், ஏனெனில் செயலி காட்டும் எண் உடனுக்குடன் மாறுவதில்லை. சோதிப்பவர் தம் உடலையும் அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அவரும் எதிரொலிக்கும் பரப்புகளில் ஒருவர்தான். எண்கள் ஏறி இறங்குவது தெரியும், ஆனால் பாடநூல் படத்தில் உள்ளது போல் அடியோடு அற்றுப்போகும் புள்ளி அநேகமாக அகப்படாது. வைஃபை ஒற்றை அதிர்வெண்ணில் இயங்குவதில்லை. அது பயன்படுத்தும் ஒரு சேனல், அதாவது பட்டைக்குள் அதற்கென ஒதுக்கிய அதிர்வெண் துண்டு, குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. அதன் ஒரு முனைக்குப் பள்ளமாக இருக்கும் இடம் மறுமுனைக்கு அவ்வளவு பள்ளமாக இருக்க வேண்டியதில்லை.

இந்த எதிரொலிகள் சிக்னலின் வலிமையை மட்டும் குலைப்பதில்லை, செய்தியையும் குழப்புகின்றன. கம்பியில்லா வலையமைப்பை வேகமாக்க முயன்றவர்களை 1990-களின் தொடக்கத்தில் தடுத்து நிறுத்தியது இதுதான். காலியான பெரிய மண்டபத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால், ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழுந்து எதுவும் விளங்காமல் போகும். நிறுத்தி நிதானமாகப் பேசினால் விளங்கும், ஆனால் பேச்சு முடிய நேரமாகும். விளக்கமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒருவர் வேகமாகப் பேசுவதற்குப் பதிலாக, ஐம்பது பேர் வெவ்வேறு சுருதிகளில், ஒவ்வொருவரும் மிக நிதானமாக, ஒரே நேரத்தில் பேசினால் போதும். கேட்பவரால் சுருதிகளைப் பிரித்தெடுக்க முடிந்தால் வேகமும் குறையாது, எதிரொலியும் குழப்பாது.

ஓ.எஃப்.டி.எம். என்று அழைக்கப்படும் முறை செய்வது இதையே. 1999-இல் வெளியான 802.11ஏ என்ற வைஃபை தரநிலை, ஒரு சேனலை 52 துணை ஊர்தி அலைகளாகப் பிரித்து, அவற்றில் 48-இல் தரவை ஏற்றுகிறது. ஒவ்வொரு துணை அலையும் ஒரு குறியீட்டைச் சொல்ல 4 மைக்ரோநொடி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அலை 1,200 மீட்டர் போய்விடும் என்பதை நினைத்தால், வீட்டுச் சுவர்களுக்குள் சுற்றிவரும் எதிரொலிகளின் தாமதம் எவ்வளவு அற்பமானது என்பது விளங்கும். அந்த 4 மைக்ரோநொடியிலும் 0.8 மைக்ரோநொடி எதிரொலிகள் அடங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 240 மீட்டர் சுற்றிவந்த எதிரொலியைக்கூட அது தாங்கும். பெறும் முனையில் சுருதிகளைப் பிரிக்கும் வேலையை விரைவு ஃபூரியர் மாற்று என்ற கணித உத்தி செய்கிறது. எண்ணிப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது: தொடர்பு நீடிக்கும் வரை அந்தக் கணக்கை நம் கைபேசிகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை சத்தமில்லாமல் போட்டுக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கணக்கைச் சிப்பில் ஏற்றி, அறைக்குள் எதிரொலியை வெல்லும் வழியை வகுத்தவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவன் குழுவினர். அவர் வானொலி வானியலாளர். சிறு கருந்துளைகள் வெடித்து மறையக்கூடும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1974-இல் சொன்னதைத் தொடர்ந்து, அந்த வெடிப்புகளின் வானொலித் துடிப்புகளைத் தேடியவர்களில் அவரும் ஒருவர். துடிப்புகள் அகப்படவில்லை. ஆனால் கலங்கிப்போன சிக்னலை ஃபூரியர் கணிதத்தால் தெளிவாக்கும் பயிற்சி மிஞ்சியது. அவருடைய குழு 1992-இல் ஆஸ்திரேலியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1996-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. வைஃபையையே அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது மிகை. அலையைப் பல துணை அலைகளாகப் பிரிக்கும் யோசனை 1960-களிலேயே இருந்தது, தரநிலையை எழுதியதும் பல நாட்டுப் பொறியாளர்கள் கூடிய பெரிய குழு. ஆயினும் 2012-இல் மட்டும் இந்தக் காப்புரிமைக்காக 22 கோடி ஆஸ்திரேலிய டாலர் அந்த அமைப்புக்கு வந்து சேர்ந்தது. 'கருந்துளையைத் தேடுவதால் மக்களுக்கு என்ன பயன்' என்று கேட்டு நிதியை வெட்டத் துடிப்பவர்கள், பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும் விண்ணப்பப் படிவத்தில் ஓ'சல்லிவன் அன்று எதை எழுதியிருக்க முடியும் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

கதை அங்கேயே நின்றுவிடவில்லை. 2009-இல் வந்த 802.11என் தரநிலை, எதிரொலியைச் சகித்துக்கொள்வதற்குப் பதிலாக அதைப் பயன்படுத்திக்கொள்ளவே தொடங்கியது. மைமோ எனப்படும் இந்த முறையில், ரூட்டரின் இரண்டு ஆண்டெனாக்கள் ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில், வெவ்வேறு தரவுகளை அனுப்புகின்றன. கைபேசியின் இரண்டு ஆண்டெனாக்களில் ஒவ்வொன்றும் இரண்டின் கலவையைப் பெறுகிறது. இரண்டு மாறிகளின் மதிப்பு தெரியாதபோது இரண்டு சமன்பாடுகள் இருந்தால் தீர்த்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே சமன்பாட்டின் மறுவடிவங்களாக இருந்தால் தீர்க்க முடியாது. எதிரொலியே இல்லாத திறந்தவெளியில் அந்த நிலைதான் ஏற்படும். சுவர்களும் அலமாரிகளும் அலைகளைச் சிதறடிப்பதால்தான் சமன்பாடுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு அமைந்து, வேகம் இரட்டிப்பாகிறது. சிக்னலைத் தின்னும் அதே சுவர் தரவின் வேகத்துக்குத் துணைசெய்வதும் உண்டு என்பது எனக்கு இன்றும் அலுக்காத செய்தி.

இனி முதல் கேள்விக்கு வரலாம். பின்பக்க அறையில் ஓரிடத்தில் மட்டும் சிக்னல் விழுகிறதா, அறை முழுவதுமே மோசமா என்று முதலில் பார்க்க வேண்டும். அறைக்குள் மெதுவாக நடந்து எண்களைக் கவனித்தால் இது தெரிந்துவிடும். ஓரிடம் மட்டும் என்றால் அது அலைப் பள்ளம். தொலைக்காட்சி, கேமரா, பிரிண்டர் போல ஒரே இடத்தில் இருக்கும் கருவியைச் சற்று நகர்த்தினாலே போதும். அறை முழுவதும் மைனஸ் 75-க்குக் கீழே என்றால் சாண் கணக்கு உதவாது; ரூட்டரின் இடத்தைத்தான் மாற்றியாக வேண்டும். கம்பி வந்து நுழையும் மூலையிலேயே, அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சியின் முதுகிலோ அதை வைத்துவிடுவது பரவலான பழக்கம். வீட்டின் நடுவே, தோள் உயரத்துக்கு மேல், உலோகம் அருகில் இல்லாமல் வைப்பது அநேக வீடுகளில் புது ரூட்டரைவிட அதிகம் பலன் தரும். செங்குத்தாக நிற்கும் ஆண்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும், நுனி நோக்கிய திசையில் மிகக் குறைவாகவே பரப்பும். மாடிக்கும் எட்ட வேண்டுமானால் ஒன்றைப் படுக்கவைக்கலாம்.

விலை கூடிய ரூட்டர் ஏன் ஏமாற்றுகிறது என்றால், வைஃபை ஒருவழிப் பேச்சு அல்ல. ரூட்டர் பொதி பொதியாக அனுப்பும் தரவுத் துண்டுகளுக்குக் கைபேசி 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும். ரூட்டர் எவ்வளவு உரக்கச் சொன்னாலும், பேட்டரியில் ஓடும் கைபேசியின் குரல் அதே மெலிந்த குரல்தான். கோடுகள் நிறைந்திருந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கைபேசியின் முதுகில் ஒட்டினால் சிக்னல் பெருகும் என்று விற்கப்படும் ஒட்டிகளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம்: மின்சாரம் இல்லாத எதுவும் அலைக்குத் திறனைக் கூட்டித் தராது. ரூட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள் வைப்பது அவ்வளவு மோசமான யோசனை அல்ல, அது அலையைத் திருப்பிவிடும். ஆனால் முன்பக்கம் கூடுவது பின்பக்கம் இழந்ததிலிருந்துதான் வருகிறது.

இடம் மாற்றியும் தீராவிட்டால் இரண்டாவது கருவி தேவை. ரிப்பீட்டர் வாங்குபவர்கள் அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டிவிடுகிறார்கள். தான் கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் மைனஸ் 65 அளவில் இருக்கும் பாதி வழியில் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினாலும், ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் ஒவ்வொரு பொதியையும் ஒருமுறை கேட்டு மறுமுறை சொல்வதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். வீட்டின் பல இடங்களில் வைத்து ஒரே வலையமைப்பாக இயங்கும் மெஷ் கருவிகளில், தமக்குள் பேசத் தனி ரேடியோ வைத்திருப்பவை இதைத் தவிர்க்கின்றன. என் பரிந்துரை, முடிந்த இடத்திலெல்லாம் ஈதர்நெட் கேபிள் ஒன்றை இழுத்து அதன் முனையில் வைஃபை பரப்பும் இரண்டாவது கருவியை, அதாவது அக்சஸ் பாயிண்டை, வைப்பதே. 100 மீட்டர் வரை கேபிளுக்குச் சுவரும் இல்லை, எதிரொலியும் இல்லை.

அப்படி வைக்கும்போது இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் தந்து, 2.4 பட்டையில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் வெவ்வேறு ஒன்றை ஒதுக்க வேண்டும். இடைப்பட்ட 3-ஐயோ 8-ஐயோ தேர்ந்தெடுத்தால், சேனல்கள் பாதி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, முறைவைத்துப் பேச வேண்டிய கருவிகள் ஒன்றுக்கொன்று வெறும் இரைச்சலாகிவிடும். இதற்குப் பிறகும் கைபேசி பழைய ரூட்டரையே விடாமல் பற்றிக்கொண்டு பின்பக்க அறையில் திணறினால், எப்போது மாறுவது என்பதைக் கைபேசியே தீர்மானிக்கிறது என்பதை நினைவில் கொண்டு, ரூட்டரின் அமைப்புகளில் போய் 2.4 பட்டையின் அனுப்பு திறனைக் குறைத்துப் பார்க்கலாம். தூரத்து ரூட்டர் மங்கினால்தான் கைபேசி பக்கத்தில் இருப்பதற்குத் தாவும்.