சாங்ஷன்: அனுமதியா, தடையா?

வங்கியிலிருந்து "லோன் சாங்ஷன் ஆகிவிட்டது" என்று போன் வந்தால் வீடே மகிழும். அதே சொல் ஈரான் பற்றிய ஆங்கிலச் செய்தியில் வந்தால், அந்த நாட்டுடனான வணிகத்துக்குத் தடை என்று பொருள். ஒரே சொல் எப்படிக் கொடுக்கவும் தடுக்கவும் செய்கிறது?

வேர் லத்தீனில் இருக்கிறது. 'சாங்கீரே' என்றால் ஒன்றைப் புனிதமாக்கி, யாரும் மீற முடியாதபடி நிலைநிறுத்துவது. 'செயின்ட்' என்ற சொல்லும், சரணாலயத்தைக் குறிக்கும் 'சாங்க்சுவரி'யும் இதே குடும்பம்தான். ரோமானியர்கள் ஒரு சட்டத்தை மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதியை 'சாங்ஷியோ' என்றார்கள். சட்டத்துக்கு வலுச் சேர்ப்பதும் அதுதான், மீறுபவரை மிரட்டுவதும் அதுதான். இன்றைய இரண்டு பொருளும் அங்கிருந்தே கிளைத்தவை.

ஆங்கிலத்தில் இதன் பழைய பொருள் வெறும் 'ஆணை'. 1713-இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசர் ஆறாம் சார்லஸ், தன் ஆட்சிப்பகுதிகள் மகளுக்கும் போய்ச் சேரலாம் என்று பிறப்பித்த ஆணைக்கு 'பிராக்மாட்டிக் சாங்ஷன்' என்றே பெயர். ஆணை என்பதிலிருந்து 'ஏற்பளித்தல், அனுமதித்தல்' என்ற பொருள் வந்தது. நாடுகள் மீதான தடை என்ற பொருள் பரவலானது முதல் உலகப் போருக்குப் பிறகு. எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935-இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் எடுத்த நடவடிக்கைகளை இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் ஒன்றல்ல, பல சொற்கள் இருக்கின்றன. அது நல்லதுதான், குழப்பமே வராது. பணம் என்றால் 'ஒப்பளிப்பு'. தமிழக அரசாணைகளில் 'நிர்வாக ஒப்புதலும் நிதி ஒப்பளிப்பும்' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அழகான, துல்லியமான சொல். அலுவலகத்துக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதுதான் வருத்தம். வங்கிக் கடனுக்கும் 'கடன் ஒப்பளிப்பு' என்று தாராளமாக எழுதலாம். அரசு ஊழியர் மீதான ஊழல் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க, 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கேட்பது 'முன் அனுமதி'. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் 'சாங்ஷன்டு ஸ்ட்ரெங்த்' என்றால், அது 'அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள்'. நாடுகளுக்கு இடையே என்றால் 'பொருளாதாரத் தடை' அல்லது 'தடை நடவடிக்கை'. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா இந்தியா மீது விதித்தது அதைத்தான்.

ஆங்கிலத்தில் படிக்கும்போது எந்தப் பொருள் என்று பிடிக்க ஒரு வழி உண்டு. பன்மையில் வந்து, கூடவே 'இம்போஸ்' (விதித்தல்) அல்லது 'லிஃப்ட்' (நீக்குதல்) இருந்தால் அநேகமாகத் தடை. ஒருமையில் வந்து, கூடவே 'கிவ்' அல்லது 'அப்ரூவல்' இருந்தால் அனுமதி. வினைச்சொல்லாக வரும்போதுதான் சிக்கல். அகராதிகள் முதலில் தருவது 'அனுமதி' என்ற பொருளை. ஆனால் இன்றைய செய்திகளில் தடை விதிப்பது என்ற பொருளே அதிகம் புழங்குகிறது. 'சாங்ஷன்டு டேங்கர்' என்று வந்தால் அதை 'அனுமதி பெற்ற கப்பல்' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. அது தடைப்பட்டியலில் உள்ள கப்பல்.

நீங்களே ஆங்கிலத்தில் எழுதுகிறீர்களா? வினையாக இதைப் போடாமல், அனுமதி என்றால் 'அப்ரூவ்', தடை என்றால் 'இம்போஸ் சாங்ஷன்ஸ்' என்று எழுதிவிடுங்கள். படிப்பவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டியிருக்காது.